திரைநேரம்: எத்தனை மணி நேரம் என்று எண்ணுவதில் பயன் உண்டா?

1 · ஜனவரி 11, இரவு 9.52 · இழையைத் தொடங்கியவர்

ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல போன் பார்த்தா மனச்சோர்வு வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்குன்னு எங்க பார்த்தாலும் போடறாங்க. இன்னொரு கோஷ்டி, அதெல்லாம் வெறும் பீதி, மனசைப் பொறுத்தவரைக்கும் போன் பார்க்கறதும் உருளைக்கிழங்கு சாப்பிடறதும் ஒண்ணுதான்னு சொல்லுது. எது சரி? போன் அஞ்சரை மணி நேரம்னு காட்டினா அதைப் பாதியாக்கணுமா, பேசாம இருந்திடலாமா? நீதிபோதனை வேண்டாம். என்ன செஞ்சா என்ன ஆகும், அது தெரிஞ்சா போதும்.

2 · ஜனவரி 11, இரவு 10.40

இரண்டுமே ஆய்விலிருந்து வந்தவைதான். இரண்டையும் பாதியில் வெட்டிப் பரப்பிவிட்டார்கள்.

மூன்று மணி நேரக் கணக்கு பிரபலமானது 2023-இல், அமெரிக்க சர்ஜன் ஜெனரலாக (அந்நாட்டு அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி) இருந்த விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிவுரையால். அதில் பேசப்படுவது 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள். அதுவும் சமூக ஊடகம் மட்டும், மொத்தத் திரைநேரம் அல்ல. மேப், மெயில், வீடியோ கால் எல்லாம் சேர்ந்த ஒரு பெரியவரின் ஐந்தரை மணி நேரத்துக்கு அதைப் பொருத்துவது, பிள்ளைக்குத் தைத்த சட்டையை அப்பாவுக்கு மாட்டிப் பார்க்கிற வேலை.

உருளைக்கிழங்கு 2019-இல் வந்தது. எமி ஆர்பன், ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கி இருவரும் மூன்று பெரிய கணக்கெடுப்புகளில் இருந்த 3,55,358 பதின்வயதினரின் பதில்களை அலசினார்கள். மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில், டிஜிட்டல் கருவிகளின் பயன்பாட்டோடு சேர்த்துச் சொல்ல முடிவது அதிகபட்சம் 0.4 சதவீதம். அளவு புரியட்டும் என்று அதே தரவிலிருந்து வேறு சிலவற்றையும் பக்கத்தில் வைத்தார்கள். உருளைக்கிழங்கு அடிக்கடி சாப்பிடுவதற்குக் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு வந்தது. கண்ணாடி அணிவதற்கு அதைவிடக் கூடுதல். உருளைக்கிழங்கு மனதைக் கெடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன எண்ணை வைத்துக்கொண்டு கூச்சல் போடாதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

3 · ஜனவரி 11, இரவு 10.58

முக்கியமானது விட்டுப்போச்சு. இரண்டு தரப்பும் நம்பியிருக்கும் எண்கள் பெரும்பாலும் ‘நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டு வாங்கிய பதில்கள். ஆள் சொல்வதையும் கருவி பதிவு செய்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2021-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் நடுத்தரமான பொருத்தம்தான் இருந்தது. சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் குறைத்து. அளக்கும் கோலே வளைந்திருக்கும்போது 0.4-ஐயும் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள முடியாது.

4 · ஜனவரி 12, காலை 7.15

ஐந்தரை மணி நேரத்தைப் பாதியாக்கும் முன் அதைப் பிரிக்க வேண்டும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஸ்க்ரீன் டைம், அதற்குள் எல்லாச் செயலிகளின் விவரம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், டிஜிட்டல் வெல்பீயிங், டாஷ்போர்டு. அங்கே மேலே உள்ள தேர்வை மாற்றினால் திரைநேரம், வந்த நோட்டிபிகேஷன்கள், திறந்த தடவைகள் மூன்றும் தனித்தனியாக வரும். ஏழு நாள் எதையும் மாற்றாமல் விடுங்கள். வார சராசரியை நம்ப வேண்டாம். விடுமுறை நாள் ஒன்று அதை இழுத்துவிடும். வேலைநாள், விடுமுறை இரண்டையும் பிரித்தே குறியுங்கள்.

அடுத்து கழித்தல். திரை எரிந்துகொண்டிருந்தால் போன் அதை நேரமாக எண்ணும். கண் அங்கே இருந்ததா என்று அதற்குத் தெரியாது. வழிகாட்டும் மேப் 50 நிமிடம், வீடியோ கால் 40, வேலை தொடர்பான செய்திகள் 60 என்றால், 330-இல் 150 போய்விட்டது. மிச்சம் 180. அதை மணிவாரியாக வரும் பட்டைகளில் பாருங்கள். இரவு 11-க்கு மேல் 70 நிமிடம் நிற்கிறது என்று வையுங்கள். அந்த 70 நிமிடம்தான் நோயாளி. மற்றதெல்லாம் துணைக்கு வந்தவர்கள்.

கடைசியாக, போனை எத்தனை தடவை கையில் எடுத்தோம், எடுத்ததும் முதலில் திறந்த செயலி எது. ஐபோன் இரண்டையுமே காட்டும். மொத்த நேரத்தைவிட இது அதிகம் சொல்லும். இரண்டு மணி நேரம் ஒரே படம் பார்த்தவரும், 90 தடவை எடுத்து எடுத்து 80 விநாடி பார்த்தவரும் அறிக்கையில் ஒரே எண்ணாகத்தான் தெரிவார்கள். முதலாமவருக்குப் பொழுது போயிருக்கிறது. இரண்டாமவர் 90 முறை ஏதோ ஒரு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

5 · ஜனவரி 12, காலை 9.03 · இன்னொருவர்

0.4 சதவீதம்னா விட்டுத் தள்ள வேண்டியதுதானே? இவ்வளவு கணக்கு எதுக்கு?

6 · ஜனவரி 12, மதியம் 1.30

அது சராசரி. ஊருக்கெல்லாம் சேர்த்துப் போட்ட சராசரியில் ஒருவரின் காய்ச்சல் தெரியாது. 2020-இல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில் பதின்வயதினர் 63 பேரிடம் ஒரு வாரம் நாளுக்கு ஆறு தடவை மனநிலையைக் கேட்டார்கள். சும்மா ஸ்க்ரோல் செய்த பிறகு 46 சதவீதம் பேருக்குச் சற்று நன்றாக இருந்தது, 44 சதவீதம் பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை, 10 சதவீதம் பேருக்கு மோசமானது. சின்ன ஆய்வு, ஆனால் விடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுகிறது. அந்த பத்தில் நாம் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

குறைத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. 2018-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்கள். ஒரு பகுதியினருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம்தான், மூன்று வாரத்துக்கு. அவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது. மனச்சோர்வும் குறைந்தது, தொடக்கத்தில் அது அதிகமாக இருந்தவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு பெரிய சோதனையில் ஃபேஸ்புக்கை நான்கு வாரம் முடக்கினார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமாகி, மனநிலை கொஞ்சம் உயர்ந்தது. கொஞ்சம்தான். மிச்சமான நேரம் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் போனது. தனியாக டிவி பார்ப்பதற்கும் போனது. நாட்டு நடப்புச் செய்தி தெரிவது குறைந்தது.

7 · ஜனவரி 12, மதியம் 1.52

பென்சில்வேனியா ஆய்வில் பலரும் தாண்டிப் போகும் ஒரு வரி: வரம்பு வைக்காத குழுவுக்கும் பதற்றம் குறைந்தது, எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் குறைந்தது. அவர்கள் செய்ததெல்லாம் பயன்பாட்டைக் கண்காணிக்கவிட்டது மட்டும்தான். மேலே 4-இல் சொன்ன ஏழு நாள் குறிப்பை வெறும் முன்வேலை என்று நினைத்தே எழுதினேன். அதுவே ஓரளவு மருந்து போலிருக்கிறது.

8 · ஜனவரி 13, இரவு 8.20

அந்த இரவு 70 நிமிடத்துக்கு வருவோம்.

நீல ஒளிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்ற பேச்சுக்கு அடிக்கடி மேற்கோளாக வருவது 2015 ஆய்வு ஒன்று. 12 பேர். படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம், மங்கலான அறையில், முழு வெளிச்சம் வைத்த மின்படிப்பானில் வாசித்தார்கள். அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் தூக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதல். தூக்க நேரத்தை உடலுக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரமும் பின்னால் தள்ளிப்போனது. உண்மையான விளைவுதான். ஆனால் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்துக்கே பத்து நிமிடம் என்றால், ஒன்றரை மணிக்கு உறங்குபவரின் கணக்கை ஒளி மட்டும் நேர் செய்யாது. திரையை மஞ்சளாக்கிவிட்டு அதே ரீல்ஸைப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் விழித்திருப்போம், அவ்வளவுதான்.

முடிவு இல்லாததே பெரிய சிக்கல். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், நாளிதழில் பக்கம் முடியும். 2006-இல் ஏசா ரஸ்கின் வடிவமைத்த முடிவில்லா ஸ்க்ரோலில் கை நிற்க ஒரு இடம் கிடையாது. பிற்பாடு அவரே அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார்.

இரவில் இது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். நாளைக்கு அலாரம் வைக்கப் போனை எடுக்கிறோம். லாக் ஸ்க்ரீனில் மூன்று நோட்டிபிகேஷன். அலாரம் வைக்க ஆறு விநாடி. மேலே உள்ள செய்தியைத் தொடுகிறோம், குரூப்பில் யாரோ வீடியோ லிங்க் போட்டிருக்கிறார்கள், அது இன்னொரு செயலியில் திறக்கிறது, முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது. காலையில் அதே அலாரத்தை நிறுத்தக் கை நீளும்போது போன் மறுபடி கையில். இந்தச் சங்கிலியை உடைக்க மன உறுதி வேண்டாம், ஒரு தனி அலாரம் கடிகாரம் போதும். சார்ஜரைப் படுக்கையிலிருந்து எழுந்து நடந்தால் மட்டுமே எட்டும் இடத்துக்கு மாற்றுங்கள். பக்கத்து மேசை கணக்கில் வராது. கை எட்டினால் அது தலையணைதான்.

ராத்திரி அவசர அழைப்பு வந்தால் என்ற கவலையிலேயே பாதிப் பேர் இதைக் கைவிடுவார்கள். டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, குறிப்பிட்ட நான்கைந்து எண்களை விதிவிலக்காக வையுங்கள். ஒரே எண்ணிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தால் ஒலிக்கவிடும் வசதியையும் இயக்குங்கள். ரிங்கர் ஒலி முழுதாக இருக்கட்டும், அடுத்த அறையிலிருந்தும் கேட்கும்.

9 · ஜனவரி 13, இரவு 8.44 · இழையைத் தொடங்கியவர்

நீல ஒளிக் கண்ணாடி வாங்கி வச்சிருக்கறவங்க என்ன செய்யறது?

10 · ஜனவரி 13, இரவு 9.10

முகத்துக்கு எடுப்பாக இருந்தால் போடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. கண் களைப்பைக் குறைப்பதில் சாதாரண கண்ணாடியைவிட அது குறுகிய காலத்தில் மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. கண் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இமைக்காததுதான். நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கும் கண், திரை முன் பாதிக்கும் கீழே இறங்கும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பாருங்கள். திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இமை பாதி மூடியிருக்கும், ஈரம் காயாது.

11 · ஜனவரி 14, காலை 6.50

நோட்டிபிகேஷன் பற்றி. எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரை தப்பு. 2019-இல் சோதித்திருக்கிறார்கள்: நோட்டிபிகேஷன்களைச் சேர்த்துவைத்து நாளுக்கு மூன்று தடவை மட்டும் கொடுத்தவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அறவே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பதற்றம் கூடியது. எதுவும் வராவிட்டால், ஏதாவது வந்திருக்குமோ என்று நாமே போய்த் திறந்து பார்ப்போம். கதவைத் தட்ட ஆளில்லை என்றாலும் ஜன்னலை விட்டு நகரமாட்டோம்.

ஐபோனில் ஷெட்யூல்டு சம்மரி என்று 2021 முதல் இருக்கிறது. காலை 8, மதியம் 1, மாலை 6.30 என்று வைக்கலாம். அந்த வசதி இல்லாத போனில் மனிதர் நேரடியாக நமக்கு அனுப்புவதை மட்டும் ஒலிக்கவிட்டு, செயலி தானாகக் கிளப்புவதை (‘உங்கள் நண்பர் நெடுநாள் கழித்துப் படம் போட்டிருக்கிறார்’ வகை) முழுக்க அணையுங்கள். குரூப்புகளை மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். பேட்ஜையும் அணைக்க மறக்காதீர்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுச் சிவப்புப் புள்ளியை விட்டுவைப்பதால்தான் பலருக்குத் திறக்கும் எண்ணிக்கை குறைவதில்லை.

12 · ஜனவரி 14, இரவு 10.15 · இன்னொருவர்

ஆப் லிமிட் வச்சா வேலை செய்யுமா? 30 நிமிஷம்னு வச்சா ‘இன்னும் ஒரு நிமிஷம்’, அப்புறம் ‘இன்னைக்கு விட்டுடு’ன்னு பட்டனும் அதே குடுக்குது.

13 · ஜனவரி 15, காலை 7.05

பூட்டும் நம்முடையது, சாவியும் நம்முடையது. அதனால் தோற்கிறது. கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவர் வைத்துக்கொண்டால் கொஞ்சம் நிற்கும். ஆனாலும் ஓர் ஓட்டை உண்டு: சில போன்களில் வரம்பு செயலிக்கு மட்டுமே, அதே தளத்தைப் பிரவுசரில் திறந்தால் தடை இல்லை. தளத்தையும் சேர்த்து வரம்பில் வையுங்கள்.

வரம்பைவிட நன்றாக வேலை செய்வது நுழைவைக் கடினமாக்குவது. செயலியை நீக்குங்கள், கணக்கை வேண்டாம். பிரவுசரில் மட்டும் பயன்படுத்துங்கள், முடித்ததும் லாக் அவுட், கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்யும் பதினைந்து விநாடியில் ‘எதற்கு வந்தேன்?’ என்று தோன்றிவிடும். செயலி வேண்டுமென்றால் முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, பெயரைத் தேடித் திறக்கும்படி வையுங்கள். யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து நிறுத்திவிட்டால் முகப்புப் பரிந்துரைகள் காலியாகும். தேடினால்தான் வீடியோ வரும். சந்தா செய்த சேனல்கள் அப்படியே இருக்கும்.

திரையை நிறமில்லாமல் சாம்பலாகக் காட்டும் க்ரேஸ்கேலும் பலருக்கு உதவுகிறது. ஐபோனில் அக்செசிபிலிட்டியில் கலர் ஃபில்டர். ஆண்ட்ராய்டில் பெட் டைம் மோடிலேயே இருக்கிறது.

14 · ஜனவரி 15, காலை 7.31

க்ரேஸ்கேலுக்கு ஒரு பின்குறிப்பு. மேப்பில் நெரிசலைக் காட்டும் சிவப்பு, பச்சைக் கோடுகள் ஒரே சாம்பலாகிவிடும். எரிச்சலில் அணைப்போம், அப்புறம் போடவே மாட்டோம். ஐபோனில் பக்கப் பட்டனை மூன்று தடவை அழுத்தினால் நிறம் வந்து போகும்படி முதலிலேயே வைத்துவிடுங்கள். அல்லது இரவு 9-க்கு மேல் மட்டும்.

15 · ஜனவரி 16, இரவு 9.25

சமூக வாழ்க்கை என்று தலைப்பை நீட்டினால், போன் நண்பர்களைப் பிரித்துவிட்டது என்பது பாதிதான் சரி. பேச ஆள் கிடைக்காத இடத்தில் இருப்பவர், காது கேளாதவர், வெளியே நடமாட முடியாதவர் இவர்களுக்குத் திரைதான் திண்ணை. அவர்களிடம் போய் ‘குறைங்க’ என்றால் இருக்கிற நாலு பேரையும் பிடுங்குகிறோம். பார்க்க வேண்டியது, திரை எதை இடம் பெயர்த்தது என்பதை. தூக்கம், நடை, நேரில் சந்திப்பு இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தால் அந்தக் கணக்குத்தான் முதலில். எதுவுமே குறையாமல் நாலு மணி நேரம் பார்ப்பவரைத் திருத்த எனக்குக் காரணம் தெரியவில்லை.

எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது எடுப்பது வேறு. அங்கே நேரக்கணக்கே இல்லை. பேச்சு நடுவில் நாலு விநாடி குனிந்தாலும் எதிராளி வாக்கியத்தைச் சுருக்கிக்கொள்வார். ‘சொல்லுங்க, கேக்கறேன்’ என்று திரையைப் பார்த்தபடி சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு அவர் சொல்வது சொல்ல வந்தது இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் என்ன பார்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பாருங்கள்: ‘ஒரு நிமிஷம், பஸ் டைம் பார்த்துடறேன்.’ சின்ன விஷயம்தான், ஆனால் அவர் காத்திருப்பார்.

மேசையில் கவிழ்த்து வைத்தாலும் போன் கவனத்தைத் தின்னும். 2017 ஆய்வில் வேறு அறையில் வைத்தவர்களே நன்றாகச் செய்தார்கள்.

16 · ஜனவரி 16, இரவு 9.58

மேலே கடைசி வரியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அது கவனச் சோதனையில் வாங்கிய மதிப்பெண் பற்றியது, உரையாடல் பற்றியது அல்ல. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அந்த முடிவு வரவில்லை. பையில் வைக்கச் சொல்வதற்கு ஆய்வு தேவையில்லை, மரியாதையே போதும்.

17 · ஜனவரி 18, காலை 10.12 · ஒரு பெற்றோர்

13 வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம்னு ஒரு எண் சொல்லுங்க சார். சும்மா ‘சமநிலை’ன்னு சொல்லாதீங்க.

18 · ஜனவரி 18, மதியம் 2.40

சின்னக் குழந்தைக்கு எண் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னது: இரண்டு வயது ஆகும் வரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. 13-க்கு அவர்கள் எண் எதுவும் தரவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு இருந்த ‘இரண்டு மணி நேரம்’ விதியை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2016-இல் விட்டுவிட்டது.

எண்ணுக்குப் பதில் இடமும் நேரமும். இரவில் எல்லாப் போன்களும் படுக்கையறைக்கு வெளியே ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாப் போன்களும் என்றால் உங்களுடையதும். பிள்ளையினுடையது மட்டும் என்றால் அது தண்டனை, மூன்றாவது நாள் பழைய போன் ஒன்று தலையணைக்கடியில் இருக்கும். சாப்பாட்டு நேரம் போன் இல்லை. மிச்ச நேரத்தைப் பிள்ளையே பிரிக்கட்டும்.

நடுவில் பிடுங்காதீர்கள். ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்பதைவிட ‘இந்த ஆட்டம் முடிஞ்சதும்’ சண்டையைக் குறைக்கும். குழுவாக ஆடும் விளையாட்டில் பாதியில் வெளியேறினால் அணியே தோற்கும். பத்து நிமிடம் என்பது அந்த உலகத்தில் அர்த்தமில்லாத அளவு.

பூட்டு வைத்தால், போனின் தேதி, நேரத்தை மாற்றி வரம்பை ஏமாற்றும் வித்தை பிள்ளைகளிடையே வேகமாகப் பரவும். நேரத்தைத் தானியங்கியில் வைத்து அந்தப் பக்கத்தையும் பூட்டுங்கள். ரகசியமாக மெசேஜ் படிப்பது மட்டும் வேண்டாம். ஒரு நாள் தெரியத்தான் போகிறது. அதற்குப் பிறகு உண்மையிலேயே ஆபத்தான ஒன்று வந்தால் உங்களிடம் வரமாட்டார்கள்.

19 · ஜனவரி 18, மாலை 5.17 · அதே பெற்றோர்

இது அடிக்‌ஷன்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

20 · ஜனவரி 18, இரவு 9.30

அந்தச் சொல்லை வீட்டில் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ‘போன் அடிமைத்தனம்’ என்று தனி நோய்ப் பெயர் உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் இல்லை. அதன் ஐசிடி-11-இல் இருப்பது கேமிங் கோளாறு. 2022-இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு வருவது, கெடுதல் நடந்தும் தொடர்வது, இவற்றால் வாழ்க்கையே பாதிக்கப்படுவது, இவை பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். ஒரு கோடை விடுமுறையை வைத்து முடிவு செய்ய முடியாது.

நேரத்தைவிட அவசரமான அறிகுறிகள் வேறு. இரண்டு வாரமாகச் சோர்வு, முன்பு பிடித்ததில் ஈடுபாடு இல்லாமை, சாப்பாடு தூக்கம் மாறுவது, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு. இருந்தால் போனைப் பிடுங்குவது சிகிச்சை இல்லை, டாக்டரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தால் இரண்டு வாரம் பார்க்கக் கூடாது, அன்றே. மனச்சோர்வு வந்த பிள்ளை வெளியே போகாமல் திரையில் முடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திரையால் சோர்வு வந்தது போலத் தெரியும். இழையின் முதல் கேள்வியிலுள்ள ‘இரண்டு மடங்கு’க்குள்ளும் இப்படித் தலைகீழாக நடந்தவர்கள் இருக்கலாம்.

21 · ஜனவரி 20, இரவு 11.48 · இழையைத் தொடங்கியவர்

கழிச்சுப் பார்த்ததுல மிச்சம் ரெண்டு மணி பத்து நிமிஷம். அதுல 55 நிமிஷம் ராத்திரி. ஆட்டோபிளேயை அணைச்சேன், ஆனா டிவியில திரும்ப ஓடுதே?

22 · ஜனவரி 21, காலை 6.58

ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும். டிவியில் செயலியின் செட்டிங்ஸுக்குள் ஆட்டோபிளே என்று இருக்கும். அப்புறம், 21-ஆம் பதிவின் நேரத்தைக் கொஞ்சம் பாருங்க.